ஓய்வுக்குப் பின் ஓர் ஏரிக்கரை: அறுபதில் பறவை நோக்கத் தொடங்குவது எப்படி?

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 59 என்றும் 2021-இல் 60 என்றும் உயர்த்தப்பட்டபோது அலுவலகத்தில் இருக்கும் காலம் இரண்டு ஆண்டுகள் நீண்டது. அதற்குப் பின் வரும் காலைப் பொழுதுகளை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பணி நிறைவு விழாவில் சால்வையும் மாலையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் பலரும் மறுநாள் முதல் நடைப்பயிற்சி என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். புதுக் காலணி வாங்குகிறார்கள். பூங்காவின் வட்டப் பாதையிலோ எட்டு வடிவப் பாதையிலோ ஓரிரு மாதங்கள் சுற்றுகிறார்கள். பிறகு மழை வருகிறது, பேரப்பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் பொறுப்பு வருகிறது, முழங்கால் வலிக்கிறது, நடை நின்றுபோகிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. நேற்றுப் பார்த்த அதே வேலியையும் அதே சிமென்ட் பெஞ்சையும் இன்றும் பார்ப்பதற்காக ஐந்தரை மணிக்கு எழுந்திருக்க ஒருவருக்கு என்ன தேவை இருக்கிறது? உடம்புக்கு நல்லது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்யும் செயல், கசப்பு மருந்தைப் போல, முதல் சாக்கு கிடைத்ததும் கைவிடப்படும்.

ஆகவே நடையையே குறிக்கோளாக வைத்துக்கொள்ளாமல், நம்மை நடக்கவைக்கும் ஒன்றைத் தேடிக்கொள்வதுதான் நீடிக்கும் வழி. தோட்டம், மீன்பிடி, மிதிவண்டி, பழைய கோயில்களைத் தேடிச் செல்வது என்று அப்படிப்பட்டவை பல உண்டு. இந்தக் கட்டுரை பறவை நோக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் அதற்குச் செலவு குறைவு. ஊருக்கு ஓர் ஏரியாவது குளமாவது இருப்பதால் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஓடவோ குனிந்து நிமிரவோ அது கட்டாயப்படுத்துவதில்லை. அதிலும், சரணாலயம் சரணாலயமாகப் பயணம் போவதைவிட, வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரே ஒரு நீர்நிலையை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் ஓய்வு பெற்றவருக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. பயணம் ஆண்டுக்கு இரண்டு முறை வாய்க்கலாம். ஏரிக்கரை தினமும் வாய்க்கும்.

ஏரியைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கும் நீர்நிலையே முதல் தேர்வாக இருக்கட்டும். அது பெயர்பெற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகாயத்தாமரை படர்ந்து, ஒரு பக்கம் குப்பை கொட்டப்பட்ட நகரத்துக் குளத்தில்கூட முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. கோயம்புத்தூரின் சிங்காநல்லூர் குளமும் உக்கடம் பெரியகுளமும் நெரிசலுக்கு நடுவே இருப்பவை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. அதைச் சுற்றி நிற்பவை அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுமே. நீர்நிலையே அருகில் இல்லாதவர்கள் பழைய கல்லூரி வளாகத்தையோ, பெரிய மரங்கள் நிற்கும் கோயில் நந்தவனத்தையோ, ஊரோர வயல்வெளியையோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீர் இருக்கும் இடத்தில் பறவைகள் திறந்த வெளியில், நம் கண்மட்டத்துக்குக் கீழே, நிதானமாக நிற்கும். இலைக்குள் ஒளியும் சிட்டுகளைக் கழுத்து வலிக்கத் தேடும் தொல்லை அங்கு இல்லை. தொடங்குபவருக்கு இது பெரிய வசதி.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு நாள் மாலையில் போய்க் கரையை முழுவதும் பார்த்துவிட்டு வாருங்கள். கரைமீது இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க அகலம் இருக்கிறதா, மதகும் கலிங்கும் இருக்கும் இடங்களில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறதா, எங்கே நிழல் விழுகிறது, நாய்கள் கூட்டமாகத் திரியும் பகுதி எது, மது பாட்டில்கள் உடைந்து கிடக்கும் மூலை எது என்பதெல்லாம் கவனிக்க வேண்டியவை. கழிப்பறை வசதியுள்ள பெட்ரோல் பங்க், டீக்கடை, கோயில் போன்றவை வழியில் எங்கே இருக்கின்றன என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களும், காலையில் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோரும், வயதான பெண்களும் வெளியே வரத் தயங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நீர் பிரியும் மாத்திரையை நடைக்குப் போய்வந்த பிறகு சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

திசையும் முக்கியம். காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கு நோக்கிப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம் அலகு நுனி வரை தெளிவாகத் தெரியும். மேற்குக் கரையில் நின்றால் எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புப் பொம்மைதான். மாலையில் இது தலைகீழாகும். பல மாதங்கள் பார்த்தும் ஒன்றும் அடையாளம் பிடிபடவில்லை என்று சலித்துக்கொள்பவர்களில் சிலர் தவறான கரையில் நின்றிருப்பார்கள், அவ்வளவுதான்.

உடம்பின் கணக்கு

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பறவை பார்ப்பது உடற்பயிற்சி ஆகாது. பத்தடி நடப்பதும் பத்து நிமிடம் நிற்பதுமாகப் போகும் பொழுதில் இதயம் வேகமெடுப்பதில்லை. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலையை வளர்க்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தக் கணக்கை ஏரிக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் தீர்த்துக்கொள்ளலாம். போக 20 நிமிடம், வர 20 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவு வேகத்தில் நடந்தால், வாரத்தில் ஐந்து நாளில் 200 நிமிடம் ஆகிவிடுகிறது. இடையில் கரையில் கழிக்கும் முக்கால் மணி நேரம் மனத்துக்கானது. அதை அவசரப்படுத்தக் கூடாது. ஏரி வரை இருசக்கர வண்டியில் போய் இறங்குபவர்கள் நல்ல பறவை நோக்கர்களாக ஆகலாம். நடை அவர்களுக்குச் சேராது.

சமநிலைப் பயிற்சியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி ஓரடி எடுத்துவைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் உள்ள மிகப் பெரிய அபாயம். ஏரிக்கரையில் கல்லும் வேரும் மாட்டுக் குளம்படிப் பள்ளமும் இருக்கும். நடக்கும்போது கண் தரையில் இருக்க வேண்டும், பார்க்க வேண்டுமானால் இரு காலையும் ஊன்றி நின்றுவிட வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது, ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது ஆகிய மூன்றும் இதற்குப் போதுமானவை. பால் காயும் நேரத்தில் செய்துவிடலாம்.

நோயுள்ளவர்கள் சில முன்னேற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். இன்சுலின் போடுவோரும், சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரைகளைச் சாப்பிடுவோரும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது நாலைந்து இனிப்பு மிட்டாய்களை எப்போதும் வைத்திருக்க வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி ஆகியவை தோன்றினால் அடுத்த பறவையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்கக் கூடாது. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் செருப்போடு ஏரிக்கரைக்கு வரவே கூடாது. மூடிய காலணியும் பருத்தி உறையும் அணிந்து, திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ஏனெனில் கருவேல முள் குத்தியதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்போர் உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மெல்ல எழுந்து, எதையாவது பிடித்துக்கொண்டு, பின் நடக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நின்று உதவி கேட்க வேண்டும். கைப்பேசியில் முழு மின்னூட்டம் இருப்பதும், எந்தக் கரைக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் இதற்காகத்தான்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் விடியும்போதே கரையில் இருந்துவிட்டு ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மார்கழியில் எட்டரை வரை நிற்கலாம். தொப்பி, தண்ணீர், நாய்க்கும் பள்ளத்துக்கும் ஆகும் ஒரு கைத்தடி போதும். மழைக்காலத்தில் புல் மண்டிய பாதையில் பாம்பு கிடக்கக்கூடும் என்பதால் நன்றாக வெளிச்சம் வந்தபின் போவது நல்லது.

பைனாகுலர்

முதல் மாதம் பைனாகுலர் இல்லாமலேயே போய்வாருங்கள். காலையில் கரைக்கு வரும் பழக்கம் நிலைத்த பிறகு வாங்கினால் அது பரணில் ஏறாது. வாங்கும்போது கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு பெரிதாக்கும் என்று காட்டுவதை நம்ப வேண்டாம். உருப்பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், காட்சிப் பரப்பு சுருங்கும், பறவை எங்கே என்றே தெரியாது. அறுபதைக் கடந்த கைக்கு 8 மடங்கே சரி. 8×42 என்றால் 8 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்வில்லையும் என்று பொருள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். வயது ஏற ஏற இருட்டில் நம் கண்ணின் பாவை இளமையில் விரிந்த அளவு விரிவதில்லை. ஆகவே இதைவிடப் பெரிய முன்வில்லையால் நமக்குப் பயன் சிறிது, எடைதான் கூடுதல். 8×42 கருவிகள் பெரும்பாலும் 600 முதல் 750 கிராம் வரை இருக்கும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் 8×32 வாங்கலாம். பகல் வெளிச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. எதை வாங்கினாலும் கழுத்தில் தொங்கும் பட்டைக்குப் பதிலாக இரு தோளிலும் எடையைப் பகிரும் பட்டையைப் போட்டுக்கொள்வது நல்லது.

மூக்குக் கண்ணாடி அணிவோர் கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்க முடிகிறதா என்று கடையிலேயே சோதிக்க வேண்டும். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்க்கும்போது வட்டக் காட்சி முழுவதும் தெரிய வேண்டும்; சுற்றிலும் கறுப்பாக மறைத்தால் அது உங்களுக்கானதன்று. பெட்டியில் கண் இடைவெளி (eye relief), அதாவது கண்ணை வில்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுக் காட்சி தெரியும் என்ற தொலைவு, அச்சிட்டிருந்தால் அது 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலையை, ஏனோ, பெரும்பாலோர் செய்வதில்லை. நம் இரு கண்களின் பார்வையும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் கருவியை நம் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள வேண்டும். முதலில் இரு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகத் தெரியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் நின்று, தொலைவில் உள்ள பலகை எழுத்து ஒன்றைத் தேர்ந்து, வலக் குழலின் முன்வில்லையைக் கையால் மறைத்துவிட்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக் கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும்படி செய்யுங்கள். அடுத்து இடக் குழலை மறைத்துவிட்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக் கண் வைக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால், இனி எந்தத் தொலைவுக்கும் நடுச் சக்கரம் ஒன்றே போதும். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகு இதை மறுபடியும் செய்ய வேண்டும். பழைய அளவு புதிய கண்ணுக்குப் பொருந்தாது.

பறவையைக் கருவிக்குள் கொண்டுவருவதும் ஒரு பழக்கம். கீழே குனிந்து பைனாகுலரைப் பார்த்து, அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பிறகு ஏரி முழுவதும் துழாவினால் எதுவும் அகப்படாது. பறவையின் மேல் வைத்த பார்வையை எடுக்காமல், முகத்தை அசைக்காமல், கருவியை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். மாடியிலிருந்து எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவையும் தென்னை மட்டையையும் குறிவைத்து ஒரு வாரம் பழகினால் கை தானாகவே செய்யும். சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பக் கூடாது. கண் நிரந்தரமாகக் கெடும்.

கேமரா வாங்கலாமா என்ற கேள்வி உடனே வரும். என்னைக் கேட்டால் முதல் ஆண்டு வேண்டாம். நீண்ட வில்லையின் எடை தோளைக் கெடுப்பது ஒருபுறம் இருக்க, படம் எடுப்பவர் பறவை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை.

முதல் இருபது பறவைகள்

தெரிந்த பறவைகளிலிருந்து தொடங்குவதே எளிது. காகம், மைனா, மடையான், கரிச்சான், மீன்கொத்தி, செம்போத்து, ஆள்காட்டி ஆகியவை கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரிந்தவை. உங்கள் ஊரில் வழங்கும் பெயரையே எழுதிவைத்துக்கொண்டு, பறவைக் கையேட்டில் உள்ள பெயரைப் பிறகு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்றைக் கண்டால் நிறத்தை முதலில் பார்க்காதீர்கள். மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு ஈட்டியா கொக்கியா, வால் நீளமா குட்டையா, என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற நான்கையும் குறித்துக்கொண்டால் பாதி அடையாளம் கிடைத்துவிடும்.

மடையானை எடுத்துக்கொள்வோம். சில ஊர்களில் குருட்டுக்கொக்கு என்பார்கள். கால் பக்கம் வரும் வரை அசையாமல் நிற்பதால் வந்த பெயராக இருக்கலாம். சேற்றோரம் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மண்ணோடு மண்ணாக, பழுப்புக் கோடுகளுடன் நிற்கும்போது எத்தனை பேர் கடந்துபோனாலும் அது கண்ணில் படாது. ஒரு தவளை அசைந்தால் கழுத்து மட்டும், உடலில் வேறு எந்த அசைவும் இல்லாமல், அங்குலம் அங்குலமாக நீளும். குத்து விழும்போதுதான் அதற்கு அவ்வளவு நீளக் கழுத்து இருந்ததே தெரியும். விரட்டப்பட்டு எழும்பினால் பழுப்பு மறைந்து பளீரென்ற வெள்ளைச் சிறகோடு பறக்கும். வேறு பறவையோ என்று தோன்றும். ஆனி, ஆடியில் இனப்பெருக்கக் கோலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். ஒரே பறவையை ஓராண்டு பார்ப்பதன் பயன் இதுதான்.

பிறகு ஒன்றுபோலத் தோன்றுபவற்றைப் பிரித்துப் பழகலாம். வெள்ளைக் கொக்குகளில் அலகு கறுப்பாகவும் கால் கறுப்பாகவும் இருந்து, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது சின்னக் கொக்கு. மாட்டின் காலடியில் எழும் பூச்சிகளைப் பிடித்துத் திரியும் மஞ்சள் அலகுக் கொக்கு உண்ணிக்கொக்கு. இனப்பெருக்க காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகும். நீரில் மிதக்கும் கறுத்த பறவையின் அலகும் நெற்றியும் வெண்மையாக இருந்தால் நாமக்கோழி, அலகு சிவந்து நுனி மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி. நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி இருக்கும்; பாம்புத்தாராவின் அலகு நேரான ஈட்டி, நீந்தும்போது உடல் மூழ்கிக் கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே தெரியும். இரண்டும் கட்டையில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காய வைப்பதைக் காணலாம். அவற்றின் இறகுகள் வாத்தின் இறகைப் போல நீரைத் தள்ளிவிடுவதில்லை.

குரலைக் கொண்டு அறிவதில் வயது ஒரு தடை. காது மங்கும்போது முதலில் போவது உச்சமான, மெல்லிய ஒலிகள். தேன்சிட்டின் கீச்சொலி பேரனுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. குயில், செம்போத்து, குக்குறுவானின் ‘டொக் டொக்’ ஆகியவை தாழ்ந்த குரல் என்பதால் சிக்கல் இல்லை. மெர்லின் என்னும் இலவசச் செயலி கைப்பேசியின் ஒலிவாங்கி வழியாகக் கேட்டு எந்தப் பறவை என்று காட்டும். இந்தியப் பறவைகளின் தொகுப்பை வீட்டில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் கரையில் இணையம் தேவையில்லை. அது சில நேரம் தவறாகவும் சொல்லும் என்பதால் பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் ஏற்ற வேண்டும்.

பதிவேடு

முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பதிவேடு எழுதிய கைக்கு இந்தப் பகுதி இனிக்கும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, ஏரியில் நீர்மட்டம், கண்ட பறவைகள், எண்ணிக்கை என்று ஒரு பக்கம் போதும். நூற்றுக்கணக்கில் இருக்கும் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்து, அதே அளவில் கூட்டத்தைக் கூறுபோட்டால் ஏறத்தாழச் சரியாக வரும்.

நோட்டில் உள்ளதை, உலகெங்கும் பறவை நோக்கர்கள் தம் பட்டியல்களைப் பதியும் ‘இ-பேர்ட்’ (eBird) இணையதளத்தில் ஏற்றினால் அது ஆராய்ச்சியாளர்களுக்கும் பயன்படும். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும், காகம் உட்பட, விடாமல் எழுதிய பட்டியலுக்கே அங்கு மதிப்பு அதிகம்; அரிய பறவையை மட்டும் எழுதும் பட்டியலால் எது குறைகிறது, எது பெருகுகிறது என்று அறிய முடியாது. பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை நோக்கர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், 1998-இல் அமெரிக்காவில் தொடங்கி 2013 முதல் இந்தியாவிலும் பிப்ரவரியில் நடந்துவரும் பறவைகள் பெருங்கணக்கெடுப்பும் (Great Backyard Bird Count) இதே முறையில் நடப்பவைதான். வீட்டு மாடியில் நின்றே கலந்துகொள்ளலாம். பொங்கலுக்கு வந்த பேரப்பிள்ளைகளை எழுத வைத்துத் தாத்தா எண்ணலாம்.

பதிவு ஓராண்டைத் தாண்டும்போது ஏரிக்கென்று ஒரு நாட்காட்டி தெரியத் தொடங்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் வடக்கிலிருந்து உள்ளான்கள் சேற்றோரம் வந்து இறங்குகின்றன. அக்டோபரில் பழுப்புக் கீச்சான் வேலிமுள்ளில் உட்கார்ந்து கரகரப்பாகக் கத்தும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக அமரும். வலசை வந்து களைத்த ஆறுமணிக்குருவி நகரத்துத் தோட்டங்களில்கூடக் கிடைக்கும், காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அதற்கு அந்தப் பெயர். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் ஊசிவால் வாத்து போன்றவை வரலாம். மார்ச், ஏப்ரலில் வந்தவை திரும்பிவிடும், குயில் கத்தத் தொடங்கும். கோடையில் நீர் வற்றிக் குட்டையாகும்போது மீன் ஓரிடத்தில் ஒடுங்குவதால் நாரைகளும் கொக்குகளும் அங்கே குவியும். இவை உங்கள் ஏரியில் எந்த வாரம் நடக்கின்றன என்பதை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

சரணாலயங்களும் நடந்துகொள்ள வேண்டிய முறையும்

ஏரிக்கரையில் ஓராண்டு பழகிய பின் சரணாலயம் போனால் பார்ப்பது புரியும். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டியிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதைக் கண்டு ஊர்மக்களே அவற்றைக் காத்து வந்தார்கள். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவற்றைக் காக்கும் அவர்களின் உரிமையை எழுத்தில் அங்கீகரித்தார். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுகின்றன. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் அவற்றுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. காணும் பொங்கலன்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேடந்தாங்கலைத் தவிர்த்து வாரநாளில் போங்கள். ஓய்வு பெற்றவருக்கு இருக்கும் ஒரே சலுகை அது, அதை ஏன் விட வேண்டும்? பார்வைக் கோபுரத்தில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே கரையிலிருந்தே போதுமான அளவு தெரியும் என்பதால் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை.

எங்கு போனாலும் கூட்டை நெருங்கக் கூடாது, பறவையை எழுப்பிப் பறக்கவிட்டுப் பார்க்கக் கூடாது, கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கக் கூடாது. பதிவுக் குரலைப் போட்டிப் பறவை என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். பளிச்சென்ற வெள்ளை வேட்டி சட்டையைவிட மங்கிய பழுப்பும் பச்சையும் நல்லவை.

துணையைப் பற்றியும் ஒரு சொல். கணவர் காலையில் பைனாகுலரோடு கிளம்ப, மனைவி காபியும் டிபனும் செய்துகொண்டு வீட்டில் இருப்பது பல வீடுகளில் நடக்கிறது. வீட்டு வேலைக்கு அரசு ஓய்வு வயது எதையும் அறிவிக்கவில்லை. வாரத்தில் சில நாளாவது இருவரும் சேர்ந்து போய்விட்டு வழியில் இட்லி சாப்பிட்டு வருவது இந்தப் பொழுதுபோக்கை இருவருக்குமாக ஆக்கும். தனியாக வாழும் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவது பாதுகாப்பு. குடியிருப்பிலோ ஓய்வூதியர் சங்கத்திலோ கேட்டால் ஆள் கிடைப்பார்கள்.

கரைக்குப் போக முடியாத காலமும் வரும்: மூட்டு மாற்று அறுவை, டெங்குக் காய்ச்சல், அடைமழை. அப்போது பால்கனியிலோ மாடியிலோ நாற்காலியிலிருந்து தெரியும்படி ஓர் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மட்டும் நீர் வையுங்கள். ஆழம் கூடினால் சிறு பறவைகள் இறங்காது. நடுவில் ஒரு கல்லைப் போட்டால் அதன்மேல் உட்கார்ந்து குடிக்கும். கொசு முட்டையிடாமல் இருக்கத் தினமும் நீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குனிய முடியாதவர் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைக்கலாம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளிக்கும், அணிலும் வரும். நாற்காலியில் அமர்ந்து 15 நிமிடம் எழுதும் அந்தப் பட்டியலையும் இ-பேர்ட்டில் ஓரிடத்தில் இருந்து நோக்கியது என்ற வகையில் ஏற்றலாம்.